கைக்குப் பதில் சொல்கிற எந்திரம்: ஸோன் ஆஃப் தி எண்டர்ஸ், தி செகண்ட் ரன்னர் மார்ஸ்

இந்த கேம் என் கைக்கு மூன்று தடவை வந்திருக்கிறது. முதல் தடவை 2004-இல். பெரியப்பா மகன் ஷார்ஜாவிலிருந்து லீவுக்கு வந்தபோது பிளேஸ்டேஷன் 2-ஓடு ஐந்தாறு டிஸ்க்குகளும் கொண்டுவந்தார், அதில் ஒன்று இது. இரண்டாவது தடவை பிளேஸ்டேஷன் 3-இல், எச்டி கலெக்‌ஷனாக. மூன்றாவதுதான் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த மார்ஸ் பதிப்பு. போன வாரம் அதை நான்காவது முறையாக முடித்தேன். முடித்த கையோடு எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பட்டறையில் சிஎன்சி மெஷின், அதாவது கணினி சொல்கிறபடி உலோகத்தை வெட்டுகிற மெஷின் ஓட்டுகிறேன். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. மெஷினில் ஜாப் செட் பண்ணும்போது கையில் ஒரு சின்ன சக்கரம் இருக்கும். ஒரு கிளிக் திருப்பினால் டூல் ஒரு மைக்ரானோ பத்து மைக்ரானோ நகரும். திருப்பிய அந்தக் கணமே நகர வேண்டும். இழுத்துக்கொண்டு நகர்ந்தால் எந்த மீட்டரும் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, கையே சொல்லிவிடும். பதினைந்து வருஷமாக அந்தச் சக்கரத்தைத் தொடும் கையால்தான் ரோபோ கேமையும் எடை போடுகிறேன். படம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதை அதற்கு அப்புறம்தான் பார்ப்பேன்.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. கொனாமி 2001-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வெளியிட்ட ஸோன் ஆஃப் தி எண்டர்ஸின் இரண்டாம் பாகம் இது, 2003-இல் வந்தது. தயாரிப்பு ஹிடியோ கோஜிமா, ரோபோக்களை வரைந்தவர் யோஜி ஷின்காவா, இரண்டாம் பாகத்தை இயக்கியவர் ஷுயோ முராடா. முதல் பாகம் வந்த சமயத்தில் அந்தப் பெட்டிக்குள் கோஜிமாவின் அடுத்த கேமான மெட்டல் கியர் சாலிட் 2-இன் டெமோ டிஸ்க்கும் இருந்தது. அந்த டெமோவுக்காகவே வாங்கியவர்கள் நிறையப் பேர். அதனாலேயே இந்த கேமுக்கு உரிய மரியாதை கிடைக்காமல் போய்விட்டது என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

இரண்டாம் பாகத்தில் நாம் டிங்கோ எக்ரெட். வியாழனின் துணைக்கோளான கலிஸ்டோவில் பனிக்கட்டியைத் தோண்டிப் பிழைக்கிற ஆள். கேம் தொடங்கும்போது நமக்குக் கிடைப்பது லெவ் என்கிற சாதாரண வேலை ரோபோ. பனியில் தடக் தடக்கென்று நடக்கும். உலோகத் தாது எங்கே இருக்கிறது என்று சென்சாரைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும், வேறு வேலை இல்லை. முதல் தடவை ஆடியபோது, இதையா பெரிய கேம் என்று தூக்கிக் கொடுத்தார் என்று தோன்றியது. அப்புறம் பனிக்கு அடியில் ஜெஹூட்டி என்கிற போர் ரோபோ கிடைக்கிறது. ஏறி உட்கார்ந்து கன்ட்ரோலர் குச்சியைத் தள்ளியதும் அது பறக்கிறது. தள்ளிய திசையில், தள்ளிய கணத்தில். அந்த இரண்டு மூன்று நிமிஷ லெவ் நடையை எதற்காக வைத்தார்கள் என்று அப்போதுதான் புரியும். மெதுவான எந்திரத்தில் முதலில் உட்கார வைத்ததால்தான் வேகமான எந்திரம் கைக்குத் தெரிகிறது.

பெரும்பாலான ரோபோ கேம்கள் எடையை உணர்த்தப் பார்க்கும். காலடி அதிரும், திரும்ப நேரம் பிடிக்கும். அதுவும் ஒரு ருசிதான், நான் மறுக்கவில்லை. ஜெஹூட்டி வேறு ஜாதி. முக்கோண பட்டனில் மேலே ஏறும், எக்ஸ் பட்டனில் கீழே இறங்கும். தாக்குவதற்குச் சதுர பட்டன் ஒன்றே போதும்: எதிரி தூரத்தில் இருந்தால் சுடும், கிட்டே இருந்தால் வாளை வீசும். பாய்ந்துகொண்டே அழுத்தினால் முதுகிலிருந்து லேசர்கள் கொத்தாகக் கிளம்பி, வளைந்து வளைந்து போய் ஆளுக்கொன்றாகத் தைக்கும். எதிரியைப் பிடித்து இன்னொரு எதிரி மேல் எறியலாம். கிடக்கிற இரும்புத் தகட்டை எடுத்துக் கேடயமாகப் பிடிக்கலாம். பத்து நிமிஷத்தில் பட்டன்கள் பழகிவிடும், அப்புறம் விரலை யாரும் யோசிப்பதில்லை. ஆனால் இதெல்லாம் நடக்க, திரையில் படம் வினாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தடவை மாறி ஓடியே ஆக வேண்டும். அது இறங்கினால் ஜெஹூட்டியும் லெவ் ஆகிவிடும்.

2012 அக்டோபரில் வந்த எச்டி கலெக்‌ஷனில் நடந்தது அதுதான். இரண்டு பாகமும் ஒரே டிஸ்க்கில், புதிய தொடக்க அனிமேஷனை சன்ரைஸ் ஸ்டுடியோ செய்திருந்தது. ஆசையாக வாங்கினேன். படம் கூர்மையாகத்தான் இருந்தது. ஆனால் செகண்ட் ரன்னரில் நாலு எதிரிகள் சேர்ந்து வெடித்தாலே ஃபிரேம் சரிந்தது. பாய்ச்சலுக்கு அழுத்துவேன், ஒரு சிறு இழுவைக்கு அப்புறம் பாயும். டூலை நகர்த்துகிற பால் ஸ்க்ரூ தேய்ந்துபோன மெஷினை ஓட்டுவதுபோல் இருந்தது. இரண்டு நாளில் எடுத்து வைத்துவிட்டேன்.

இந்தக் குறை எனக்கு மட்டும் தெரிந்ததில்லை, ஆடியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கொனாமி அதை அப்படியே விட்டுவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஓகாமி எச்டியைச் செய்த ஹெக்ஸாட்ரைவ் நிறுவனத்திடம் பிளேஸ்டேஷன் 3 பதிப்பைக் கொடுத்து, செகண்ட் ரன்னரைச் சரிசெய்ய வைத்தார்கள். 2013 ஜூலையில் அந்தத் திருத்தம் பேட்ச்சாக வந்தது. போட்டுப் பார்த்தேன். அதே டிஸ்க், அதே டிவி, ஆனால் வேறு கேம். ஏற்கெனவே விற்று முடித்த ஒரு பழைய கேமுக்காக இன்னொரு குழுவை உட்காரவைத்து மறுபடி வேலை வாங்குவது லேசில் நடக்கிற காரியமில்லை. எக்ஸ்பாக்ஸ் 360-க்கு மட்டும் அந்தப் பேட்ச் வரவே இல்லை. பழைய டிஸ்க் விற்கிற கடையில் அதைப் பார்த்தால் செகண்ட் ரன்னருக்காக வாங்காதீர்கள்.

மார்ஸ் 2018 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 4-க்கும் கணினிக்கும் வந்தது. கொனாமியோடு சேர்ந்து சைகேம்ஸ் நிறுவனம் செய்த வேலை. 4கே படம், சுற்றொலி, தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கேமுக்குள்ளேயே இருப்பதுபோல் ஆடுகிற விஆர் எல்லாம் பெட்டியில் போட்டிருக்கும். நான் முதலில் போய் நின்றது செவ்வாய்ப் பாலைவனச் சண்டையில். நம் பக்கத்து லெவ்கள் தரையில் தடுமாறிக்கொண்டிருக்கும், எதிரி ரோபோக்கள் வானத்திலிருந்து மழைபோல் இறங்கும். நம் ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டே கூட்டத்தை அழிக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 2-லேயே மூச்சு வாங்கிய இடம் அது. அண்ணன் அப்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, மேல தூக்கு, மேல தூக்கு" என்று கத்துவார், நான் அழுத்தினாலும் படம் கூழ்போல் நகரும். மார்ஸில் அதே இடத்தில் லேசர் கொத்து கிளம்பி, பத்திருபது வெடிப்பு ஒரே நேரத்தில் பூக்கிறது, கன்ட்ரோலர் கொஞ்சமும் கனக்கவில்லை. எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அந்தச் சண்டையை மட்டும் மறுபடி ஆடினேன்.

இன்னொரு இடம், போர்க்கப்பல் படையோடு நடக்கிற சண்டை. அங்கே வெக்டர் கேனன் என்ற பீரங்கி வருகிறது. ஜெஹூட்டியைவிட நீளமானது. பறந்துகொண்டே சுட முடியாது, கால் ஊன்றி நின்றாக வேண்டும். நின்றதும் பீரங்கி துண்டு துண்டாக விரிந்து பூட்டிக்கொள்கிறது. ஜெஹூட்டிக்குள் இருக்கிற ஏடா என்கிற கணினி அலட்டாத குரலில் ஒவ்வொன்றாக அறிவிக்கிறது: மின்னிணைப்பு ஆயிற்று, கால் கொக்கி பூட்டியது, அறையில் அழுத்தம் ஏறுகிறது. முனையில் வளையங்கள் சுழலத் தொடங்குகின்றன. இவ்வளவு நேரம் ஒரு நொடிகூட ஓரிடத்தில் நிற்காதவன் இப்போது அசையாமல் காத்திருக்கிறேன். காலையில் முதல் ஷிஃப்டுக்குப் போய் மெஷினை ஆன் பண்ணினால் ஹைட்ராலிக், லூப் ஆயில், ரெஃபரன்ஸ் என்று வரிசையாக ஒவ்வொரு விளக்காகப் பச்சைக்கு மாறுமே, அந்தப் பொறுமை. எல்லாம் ஏறியதும் விட்டால், எதிரே இருந்த கப்பல் நடுவில் பிளந்து போகிறது. நல்ல ஸ்பீக்கர் இருந்தால் இந்த இடத்துக்காகவே சத்தத்தைக் கூட்டி வையுங்கள். துணைக்குப் பறக்கிற போர்விமானம் விக் வைப்பர், கொனாமியின் பழைய விண்வெளி கேமான கிரேடியஸிலிருந்து வந்தது. ஓட்டுவது முதல் பாகத்துச் சிறுவன் லியோ. பழைய ஆட்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

விஆர் பற்றிச் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவரிடம் ஹெட்செட்டைக் கடன் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடினேன். ஜெஹூட்டியின் காக்பிட்டுக்குள் உட்கார்ந்திருப்போம், முன்னால் குட்டி ஜெஹூட்டி பொம்மை ஒன்று ஒளியில் மிதந்துகொண்டு நாம் செய்வதையே செய்து காட்டும். வாளை எப்போது வீசினோம், எதைப் பிடித்திருக்கிறோம் என்பதெல்லாம் அதில்தான் தெரியும். நல்ல யோசனை. முதல் பதினைந்து நிமிஷம் மெய்சிலிர்த்தது. அதன் பிறகு இந்த வேகத்துக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது, கண்ணாடி போட்டிருப்பதால் மூக்கின் மேல் அழுத்தமும் சேர்ந்துகொண்டது. விஆருக்கென்று தனியாகச் செலவு செய்து இதை வாங்க வேண்டியதில்லை. ஹெட்செட் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் முதல் அரைமணி நேரத்தை அதில் ஆடிவிட்டு டிவிக்குத் திரும்புவது நல்லது.

குறைகள் இருக்கின்றன. நெருங்கிய இடங்களில் கேமரா சுவரில் முட்டிக்கொள்கிறது, பழைய பழக்கம், மாறவில்லை. கையால் வரைந்த அனிமேஷன் காட்சிகள் 2003-ஆம் ஆண்டுத் தரத்தில் செய்தவை, பெரிய திரையில் சண்டைக்கும் அவற்றுக்கும் இடையே உள்ள வித்தியாசம் கண்ணை உறுத்துகிறது. டிங்கோ சுடப்பட்டு, ஜெஹூட்டிதான் அவன் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது, இறங்கினால் செத்துவிடுவான் என்ற அருமையான முடிச்சு கதையில் இருக்கிறது. அதைப் பாத்திரங்கள் விறைப்பாகப் பேசியே தளர்த்திவிடுகிறார்கள். ஆறேழு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும், அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. எனக்குப் பெரிய வருத்தம் வேறு: முதல் பாகம் இந்தப் பெட்டியில் இல்லை. அனூபிஸ் என்கிற எதிரியை முதல் பாகத்தில் ஜெயிக்கவே முடியாது, தப்பி ஓடத்தான் முடியும். கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்து இன்னோரிடத்தில் தோன்றுகிற ஜீரோ ஷிஃப்ட் அதனிடம் இருக்கும், நம்மிடம் இருக்காது. அந்தத் தோல்வியைக் கையால் அனுபவித்தவனுக்குத்தான், செகண்ட் ரன்னரின் கடைசிக் கட்டத்தில் அதே ஜீரோ ஷிஃப்ட் ஜெஹூட்டிக்குக் கிடைக்கும்போது உள்ளே ஏதோ எழும். மார்ஸை மட்டும் ஆடுகிறவர்களுக்கு அதில் பாதிதான் கிடைக்கும். பிளேஸ்டேஷன் 3 வீட்டில் இருந்தால் எச்டி கலெக்‌ஷனில் முதல் பாகத்தை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

வெளிவந்தபோது இதன் விலை 30 டாலர். தள்ளுபடியில் இன்னும் இறங்கும், ஆனால் முழு விலைக்கும் தகுதியானதுதான். இப்படிப்பட்ட கேம் பழக்கமில்லாதவர்கள் கடினத்தைக் கீழே இறக்கி வைத்து ஆடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தீபாவளிக்கு அண்ணன் வந்திருந்தார். ஷார்ஜா வேலையை விட்டு வந்து ஊரில் தறி போட்டிருக்கிறார், கன்ட்ரோலரைத் தொட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாலைவனச் சண்டைக்கு முன்னால் சேவ் செய்து வைத்திருந்ததை எடுத்துக் கையில் கொடுத்தேன். எது மேலே போகிற பட்டன் என்று அவர் கேட்கவே இல்லை, கட்டைவிரல் தானாகவே முக்கோணத்துக்குப் போனது. கூட்டத்துக்கு நடுவில் ஏறி, லேசரை விட்டு, வெடிப்புகள் அடங்கும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் திரும்பி, "அப்ப இந்த எடத்துல நிக்கும்ல?" என்றார். நிற்கும் என்றேன். அண்ணி சாப்பிடக் கூப்பிட்ட பிறகும் இன்னொரு தடவை அதையே ஆடிவிட்டுத்தான் எழுந்தார்.