மிளகாய்த்தூளுக்கு ஓர் இணையத்தளம்: வேர்ட்பிரஸோடு 8 மாதம்

முதலில் புள்ளியைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தளம் செய்ய உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்கு 10க்கு 7. அதை இணையத்தில் ஏற்றி வைக்க வருட வாடகைக்கு இடம் தந்த நிறுவனத்துக்கு 5. அதற்கு முதல், காசு வாங்கிக்கொண்டு எனக்குத் தளம் செய்து தந்தவருக்குப் புள்ளி போட மனம் வரவில்லை. அந்தக் கதை கீழே வருகிறது.

நான் திருகோணமலையில், டைக் வீதிக்குப் பக்கத்தில், வீட்டிலேயே தூளும் மாவும் செய்து விற்கிறேன். வறுத்த மிளகாய்த்தூள், சரக்குத்தூள், உழுத்தம்மா, குரக்கன் மா, வறுத்த சிவப்பரிசி மா. வறுப்பதும் புடைப்பதும் வீட்டில், அரைப்பது மில்லில். உதவிக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். கணினி என்றால் எனக்கு மகனின் பழைய லப்டொப். அதுவரை அதில் நான் செய்த ஒரே வேலை நாடகம் பார்ப்பது.

பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் இருக்கும்போது தளம் எதற்கு என்று பலரும் கேட்டார்கள். விலைக்குத்தான். பேஸ்புக்கில் விலை போட்டால் இரண்டு நாளில் அது கீழே போய்விடும், பிறகு யாரும் தேடிப் பார்ப்பதில்லை. "அக்கா, மிளகாய்த்தூள் கிலோ என்ன விலை?" என்று ஒரு நாளைக்கு 15, 20 பேர் கேட்பார்கள். அப்போது பார்த்துத் தாச்சியில் மல்லி இருக்கும். கையைத் துடைத்து, போனை எடுத்து, பதில் எழுதி முடிக்கும்போது மல்லி ஒரு நிறம் கூடிவிடும். மல்லி கூட வறுபட்டால் தூள் முழுவதும் கசக்கும். அப்படி ஒரு நாள் 3 கிலோ மல்லியைக் கொட்டினேன். தளம் வேண்டும் என்று முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

உண்மையைச் சொன்னால் அதற்கும் முதல் எனக்கு ஒரு பக்கம் இருந்தது. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்தபோது கூடவே இலவசமாகக் கிடைத்தது. அந்த இலவசப் பக்கங்களை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்திவிட்டது. முன்கூட்டியே அறிவித்துத்தான் நிறுத்தினார்கள், இமெயிலைத் திறந்து பார்க்காதது நான். சரி, இலவசமாக வந்தது இலவசமாகப் போனது என்று விட்டுவிட்டேன்.

அடுத்ததுதான் காசு கொடுத்துச் செய்தது. தெரிந்தவர் மூலம் ஒருவர் வந்தார். 45,000 ரூபாய், ஒரு கிழமையில் தளம் தயார், பார்க்கவும் வடிவாகத்தான் இருந்தது. பையில் ஒட்டும் லேபலில் முகவரியைப் போட்டு 1,000 லேபல் அச்சடித்தேன். ஒரு வருடம் கழிந்து ஒரு நாள் ரொறொன்ரோவிலிருந்து என் மச்சாள் எடுத்து, "உன்ர தளம் திறக்குதில்லையே" என்றாள். தளத்தின் முகவரிக்காகப் பதிந்த பெயரின் காலம் முடிந்துவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த இமெயில் எல்லாம் அவருடைய முகவரிக்குப் போயிருக்கிறது. பெயரைத் தன்னுடைய கணக்கில், தன்னுடைய இமெயிலில்தான் வாங்கியிருந்தார். ஆள் இப்போது வெளிநாட்டில். வட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது.

டொட் கொம் பெயர் என்றால், காலம் முடிந்து அழிக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்பு அவகாசம் உண்டு. அதற்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும், அது கொஞ்சக் காசும் இல்லை. ஆனால் மீட்கக்கூடியவர் பெயரை வைத்திருப்பவர் மட்டுமே. என் கடையின் பெயர், என் காசு, என் லேபல், ஆனால் பதிவுப்படி எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! ஆகவே தளம் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால், வடிவமைப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் பெயர் யாருடைய இமெயிலில் பதியப்படும் என்று கேளுங்கள். முகம் மாறினால் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இரண்டாம் முறை நானே செய்வது என்று இறங்கினேன். நானே என்றால், தங்கச்சியின் மகள் பக்கத்தில் இருந்தாள். கோணேசபுரியில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறாள். "பெரியம்மா, மவுஸைப் பிடிக்கிறது நீங்கள், நான் வாயால் மட்டும்தான் சொல்லுவன்" என்று முதலே நிபந்தனை போட்டுவிட்டாள். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது நன்றி சொல்கிறேன்.

முதல் குழப்பம், வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு இருப்பது. டொட் கொம் என்று முடிவது ஒரு சேவை. கணக்குத் திறந்தவுடனேயே எழுதலாம், இலவசமாகவும் கிடைக்கும், ஆனால் இலவசத்தில் முகவரிக்குள் அவர்களுடைய பெயரும் சேர்ந்து வரும், விளம்பரமும் வரும். டொட் ஓர்க் என்று முடியும் இடத்தில் கிடைப்பது வெறும் மென்பொருள். 2003இலிருந்து இருக்கிறது, அதற்குக் காசில்லை, ஆனால் வைக்க இடத்தை நாம்தான் பிடிக்க வேண்டும். நான் இரண்டாவதை எடுத்தேன். காரணம் சின்னது. நாளைக்கு இடம் தருபவரோடு சண்டை வந்தாலும் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம்.

பெயர் டொட் கொம்மில்தான் வாங்கினேன். இலங்கைக்கென்று உள்ள டொட் எல்கேயும் நல்லதுதான். டொட் இலங்கை என்று முழுக்கத் தமிழிலேயே முடிகிற முகவரியும் வாங்கலாம் என்று அறிந்தபோது ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என்னிடம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சிங்களவர்கள், அவர்கள் போனில் தமிழ் எழுத்துக்கு எங்கே போவார்கள்? பெயர் வாங்கியதும் இமெயிலை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு கடிதம் வரும், 15 நாளுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் பெயரை முடக்கிவிடுவார்கள். எனக்கு அது ஸ்பாம் பெட்டிக்குள் போய்க் கிடந்தது. இந்த முறை இமெயில் பார்க்கப் பழகியிருந்ததால் தப்பினேன்.

இடம் தந்த நிறுவனத்துக்கு ஏன் 5? முதல் வருட வாடகையைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள், இரண்டாம் வருடத்து வாடகை அடியில் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. அது முதல் வருடத்தைப்போல 3 மடங்கு. காசு கட்டும் பக்கத்தில், பூட்டு அடையாளம் வருவதற்கான சான்றிதழ் என்று ஒன்றையும் சேர்த்துவிட்டிருந்தார்கள். அது இல்லாவிட்டால் பிரவுசர் "பாதுகாப்பற்றது" என்று காட்டும் என்பது உண்மைதான். ஆனால் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதே சான்றிதழை இலவசமாகத் தருகிறது, காலம் முடிவதற்கு முதல் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி வைக்கலாம். அந்த வசதி இவர்களுடைய கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குள்ளேயே இருந்தது! பெறாமகள் பார்த்துக் கண்டுபிடித்ததால் அந்தக் காசு மிச்சம். மற்றபடி தளம் விழவில்லை, கேட்டால் அரை நாளில் பதில் வருகிறது. அதனால் 5.

இனி வேர்ட்பிரஸ். ஏற்றுவது ஒரு பொத்தான்தான், 10 நிமிடம்கூட ஆகவில்லை. ஏற்றியதும் "ஹலோ வேர்ல்ட்" என்று ஒரு மாதிரிப் பதிவு தானாக வந்து நிற்கும், அதை அழிக்க வேண்டும். நான் அழிக்கவில்லை. "அக்கா, ஹலோ வேர்ல்ட் என்றது என்ன தூள்? புதுசா?" என்று உவர்மலையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்.

பெரிய தலையிடி தமிழில் வந்தது. பழைய துண்டுப்பிரசுரத்துக்கு எழுதிய வாசகங்களை அச்சகத்தில் வாங்கி வந்து ஒட்டினேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு பக்கம் நிறைய வந்தது. அது பாமினி எழுத்துரு. நம் ஊர் அச்சகங்களில் இன்னும் அதுதான் புழக்கம். அதில் நாம் பார்ப்பது தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. எல்லாக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறைக்கு மாற்றித் தரும் பக்கங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, ஒட்டி எடுத்தால் சரியாகிவிடும். மாற்றிய பிறகும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. பக்கத்தின் தலைப்பைத் தமிழில் வைத்தால் அதன் முகவரியும் தமிழிலேயே உருவாகும். லப்டொப்பில் பார்க்க அழகு. அதையே வட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணுமாகக் கொழும்புக் கடுகதி நீளத்துக்கு நீண்டுவிடும். அந்தத் துண்டை மட்டும் ஆங்கிலத்தில் மாற்ற ஓர் இடம் இருக்கிறது, மாற்றினேன். வட்ஸ்அப் பொத்தானில் என் இலக்கத்தை 0 வைத்துப் போட்டு இரண்டு நாள் வேலை செய்யவில்லை. 0வை எடுத்துவிட்டு 94 போட வேண்டும். இப்படிப்பட்டவற்றை எந்தக் காணொளியிலும் ஒருவர் ஒரே இடத்தில் சொல்லித் தருவதில்லை.

மூன்று கிழமை கூகுளில் என் தளமே வரவில்லை. செட்டிங்ஸில் ரீடிங் என்ற பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டி உண்டு. ஏதோ பாதுகாப்பு என்று நினைத்து நானே சரி போட்டிருக்கிறேன்.

படங்களுக்குத்தான் அதிக நேரம் போனது. போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் 5 எம்பிக்குக் குறையாது. அப்படியே 9 படம் ஏற்றினேன். கட்டைபறிச்சானிலிருந்து வழக்கமாக வாங்கும் ரீச்சர், "பக்கம் திறக்க முதல் என்ர டேட்டா முடிஞ்சிடும் போல" என்றார். எல்லாவற்றையும் 150 கேபி அளவுக்குச் சுருக்கிப் போட்டேன். போனில் பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

தூளை இரவில் குழல் விளக்கில் எடுத்தால் செங்கல்பொடி மாதிரி இருக்கும். காலை 7 மணிக்கு முதல் வரும் வெயில்தான் சரி. ஒரு நாள் சுளகில் செத்தல் மிளகாய், மல்லி, நடுவில் கறிவேப்பிலை என்று வடிவாகப் பரப்பி, வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் போனை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வர ஒரு மான் நிற்கிறது. கோட்டைப் பக்கத்து மான்கள் விடியற்காலையில் வீதியில் திரிவது எங்கள் ஊருக்குப் புதினமல்ல. கறிவேப்பிலையை முழுவதும் தின்றுவிட்டு, மிளகாயை மட்டும் மூக்கால் ஒதுக்கிவைத்திருந்தது. துரத்த முதல் ஒரு படம் எடுத்தேன். என் முதல் பக்கத்தில் இப்போது இருப்பது அந்தப் படம்தான். வாங்குகிறவர்கள் முதலில் மானைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

தளத்தில் நேராகக் காசு கட்டும் வசதி வைக்கவில்லை. வைக்கலாம், அதற்கான இணைப்பு மென்பொருளும் இலவசம். ஆனால் என் ஆட்கள் வங்கியில் போட்டுச் சிட்டையைப் படம் எடுத்து அனுப்பிப் பழகியவர்கள். "கொஞ்சம் உறைப்புக் குறைச்சு அரைச்சுத் தாங்கோ" என்பதைக் கூடைப் பொத்தானில் எப்படிச் சொல்வது? விலைப் பட்டியல், கூரியர் கட்டணம், வட்ஸ்அப் பொத்தான், வரைபடம். தளம் இவ்வளவுதான்.

வேர்ட்பிரஸில் 3 புள்ளியைக் குறைத்ததற்குக் காரணம் அதன் பராமரிப்பு. கிழமைக்கு ஒரு தடவையாவது உள்ளே போனால் புதுப்பி, புதுப்பி என்று ஏதாவது சிவப்பு எண் காட்டிக்கொண்டே இருக்கும். புதுப்பிக்காமல் விட்டால் ஆபத்து, கண்ணை மூடிக்கொண்டு புதுப்பித்தாலும் சில நேரம் பக்கம் குழம்பும். அதனால் முதலில் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். தட்டிப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிவராது. ஒரு பக்கம் மட்டும் போதும் என்றால் கூகுள் சைட்ஸ் இலவசம், இழுத்துவிட்டு எழுதினால் முடிந்தது.

விலை கேட்டு வருவது இப்போது நாளைக்கு 4, 5 பேர்தான். மாரி தொடங்கியதும், வெயில் வரும்வரை மிளகாய் காயாது, தூள் குறைவாகத்தான் கிடைக்கும் என்று முதல் பக்கத்தில் நானே போனிலிருந்து இரண்டு வரி எழுதினேன். அடுப்படியிலிருந்தே. பழைய லேபலில் இன்னும் 300க்கு மேல் கிடக்கிறது, பழைய முகவரியின் மேல் விலைத்துண்டை ஒட்டித்தான் பாவிக்கிறேன்.

சிங்களப் பக்கம் மட்டும் பாக்கி. கணினி மொழிபெயர்ப்பைப் போட்டு ஒரு சிங்கள வாடிக்கையாளருக்குக் காட்டினேன், அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார், ஏன் என்று சொல்லவில்லை. எதிர்வீட்டு ரீச்சர் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கூலி ஒரு கிலோ உழுத்தம்மா.