சொன்ன தேதி, சொன்ன விலை: பாளையங்கோட்டையில் ஒரு பைண்டிங் கடை

பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத் தேவாலயத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு சிறிய பைண்டிங் கடையில், ஆச்சியின் வேதாகமத்தை நவம்பர் கடைசியில் கொடுத்திருந்தேன். முதுகு பிரிந்து, ஆதியாகமத்தின் முதல் பாரம் (ஒன்றாக மடித்துத் தைத்த தாள்கட்டு) தனியே கையோடு வந்துவிடும் நிலையில் அது இருந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அம்மா அதைத்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது என் ஆசை. கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கிறிஸ்துமஸுக்குள்ள முடியாதும்மா. ஜனவரி பத்தாம் தேதி சாயங்காலம் வாங்க, அறுநூறு ரூபாய்" என்றார். எவ்வளவு கேட்டும் தேதியை அவர் மாற்றவில்லை.

அன்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இதற்கு முன் வேறொரு கடையில், வசன காலண்டர் தொங்கிய சுவருக்குக் கீழே, "கர்த்தருக்குச் சித்தமானால் நாளைக்கு ரெடி" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு மூன்று வாரம் அலைந்தவள் நான். நாளை நம் கையில் இல்லை என்ற தாழ்மையோடு சொல்லும்படி யாக்கோபு தன் நிருபத்தில் எழுதிய வார்த்தையை, முடியாது என்று சொல்லத் தயங்கும் இடத்தில் நாம் போர்வையாக இழுத்துக்கொள்வது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" சொல்லும்படி மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கேட்டாரே, அதில் இரண்டாவது பாதியைத்தான் நாம் எளிதில் விட்டுவிடுகிறோம்.

ஜனவரி 10 மாலை ஐந்தரை மணிக்குப் போனபோது, கறுப்பு ரெக்ஸின் அட்டையோடு வேதாகமம் மேசைமேல் தயாராக இருந்தது. பிரித்த பிறகுதான் பழைய நூல் முழுவதும் இற்றுப்போயிருந்தது தெரிந்ததாம். எல்லாப் பாரங்களையும் கையாலேயே மறுபடி தைத்திருக்கிறார். கூடுதலாக இருநூறு ரூபாய் கொடுத்தேன். "அறுநூறுன்னு சொன்னது நான்தானேம்மா, முதல்லயே சரியாப் பாத்திருக்கணும்" என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்ற 15ஆம் சங்கீதத்தின் வரியைச் சிறுவயதில் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். இருநூறு ரூபாய் அளவில் அதை நேரில் பார்த்தது அன்றுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆச்சி பக்க ஓரங்களில் பென்சிலால் தேதிகளும் பேரப்பிள்ளைகளின் பெயர்களும் எழுதி வைத்திருந்ததால், ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று கேட்டிருந்தேன். வெட்டினால்தான் புத்தகம் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். வெட்டியிருந்தால் பாதிப் பெயர்கள் போயிருக்கும். அவர் வெட்டவில்லை. பக்கங்கள் மேடும் பள்ளமுமாக நிற்கின்றன, ஆச்சியின் கடைசி எழுத்து வரை இருக்கிறது.

குறைகளும் உண்டு. முதுகில் பதித்த பொன்னெழுத்து சற்றுச் சாய்ந்திருக்கிறது. ரெக்ஸின் வாடை போக ஒரு வாரம் ஆயிற்று. போன் செய்தால் பெரும்பாலும் எடுப்பதில்லை. அவசர வேலை உள்ளவர்களுக்கு இந்தக் கடை ஒத்துவராது.

இப்போது அம்மாவின் பாமாலைப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறேன். மார்ச் 4 என்று சொல்லியிருக்கிறார். அதுவரை போன் செய்து கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை.