டீசல் ஒழுகுகிறதா? பம்பைக் கழற்ற விடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

மினி டிராக்டர் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். இன்ஜின் பக்கம் டீசல் ஒழுகுகிறது என்று கொண்டுபோய் விட்ட வண்டிக்கு, "பம்ப் எலிமெண்ட் தேஞ்சு போச்சு" என்று சொல்லி என்னிடம் 18,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள், எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில். பம்ப் என்றால் இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் டீசல் பம்ப்; எலிமெண்ட் அதற்குள் டீசலை அழுத்தும் சின்னப் பிஸ்டனும் அதன் உறையும். அந்தப் பம்பில் ஒரு கோளாறும் இல்லை. வெடித்திருந்தது விரல் நீள ரப்பர் ஓஸ் ஒன்று.

வண்டி மூன்று சிலிண்டர், 24 எச்.பி. தென்னந்தோப்புக்குள் ரோட்டவேட்டர் ஓட்டத்தான் வாங்கினேன். பம்புக்கு நேர் அடியில் சொட்டியது. நிறுத்திவைத்த இடத்தில் மண் ஊறிக் கிடந்தது. ஒர்க்‌ஷாப்காரர் ஒரு துணி எடுத்துத் துடைத்துக்கூடப் பார்க்கவில்லை. டார்ச் அடித்தார், விரலில் தொட்டு முகர்ந்தார், "பம்ப் போச்சுங்ணா, கழட்டிக் கோயமுத்தூருக்கு அனுப்போணும்" என்று முடித்துவிட்டார். கோயமுத்தூர் என்று சொல்லிவிட்டால் யாரும் மேலே கேள்வி கேட்பதில்லை என்பது இவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வண்டி திரும்பி வந்தது. ஒழுகல் நிற்கவில்லை. அதோடு, முன்பு இல்லாத வழக்கமாகக் காலையில் ஸ்டார்ட் ஆகவும் அடம்பிடித்தது. போன் போட்டால், "புது எலிமெண்ட் செட் ஆகுற வரைக்கும் அப்படித்தாங்ணா இருக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வருகிறது. எலிமெண்ட் செட் ஆவதற்கும் வெளியே டீசல் சொட்டுவதற்கும் என்ன சம்பந்தம்?

கடைசியில் கண்டுபிடித்தவர், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்துத் தோட்டத்து அண்ணன். இன்ஜின் பக்கம் முழுவதையும் துடைத்துக் காயவைத்தார். முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார். ஃபேன் காற்றில் பாதி பறந்துபோனது, மிச்சம் ஒட்டியதே போதுமானதாக இருந்தது. வண்டியை ஐடிலில் ஓடவிட்டதும் பவுடர் முதலில் நனைந்தது பம்பில் அல்ல, மேலே மூன்றாவது இன்ஜெக்டர் தலையில். இன்ஜெக்டருக்குப் போகிற டீசல் முழுவதும் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதில்லை. கொஞ்சம் மேலே கசிந்து ரிட்டர்ன் ஓஸ் வழியாக டேங்குக்குத் திரும்பும். இன்ஜின் சூட்டில் அந்த ரப்பர் நாளாவட்டத்தில் வெடிக்கும். எங்கள் வண்டியில் அங்கே கசிந்த டீசல் ஹெட் ஓரமாகவே ஓடி, பம்ப் மேல் இறங்கி, அதன் அடியில் சொட்டியிருக்கிறது. "ஏந்தம்பி, பம்ப் மேல விழுகுற டீசலெல்லாம் பம்புல இருந்து வந்ததாயிருமா?" என்றார்.

அதைவிட எரிச்சல் தந்தது அடுத்து அவர் காட்டியது. பம்பில் எலிமெண்ட் மாற்ற வேண்டுமானால் மேலே இருக்கும் டெலிவரி வால்வு ஹோல்டரை, அதாவது இன்ஜெக்டருக்குப் போகும் குழாய் மாட்டும் பாகத்தை, கழற்றியே ஆக வேண்டும். மூன்று ஹோல்டரிலும் கம்பெனி பெயிண்ட் விரிசல்கூட விடாமல் அப்படியே இருந்தது. பம்பைக் கழற்றினார்கள், சில நாள் வைத்திருந்தார்கள், மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாட்டும்போது ஃபீட் பம்பில் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்னப் பம்ப்) குழாயை இணைக்கும் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டுக்கு நசுங்கிய பழைய செப்பு வாஷரையே போட்டிருக்கிறார்கள். அது டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் பக்கம். அங்கே சந்து இருந்தால் சொட்டு வெளியே தெரியாது, காற்றுதான் உள்ளே போகும். காலை ஸ்டார்ட்டிங் தொல்லை அப்படி வந்தது. புது வாஷர், புது ஓஸ் போட்டு, உள்ளே நின்ற காற்றை வெளியேற்றி ஏர் எடுத்ததும் இரண்டு தொல்லையும் தீர்ந்தன. ஓஸ் வாங்கும்போது டீசலுக்கென்று இருக்கும் நைட்ரைல் ரப்பராகக் கேளுங்கள். சாதா ரப்பர் டீசலில் ஊறிப் பருத்துவிடும்.

ஆகவே துடைத்து, பவுடர் போட்டு, எது மிக மேலே நனைகிறது என்று பார்க்காமல் பம்பில் யாரையும் ஸ்பானர் வைக்க விடாதீர்கள். ஆயில் டிப்ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். பம்ப் உள்ளுக்குள் கசிந்தால் பெரும்பாலும் டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். அளவு ஏறும், டீசல் வாடை அடிக்கும். பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயில் மட்டும், இன்ஜின் ஓடும்போது கையை வைத்துத் தேடாதீர்கள். 100 பாருக்கு மேல் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல்) அழுத்தம், ஊசி மாதிரி தோலுக்குள் டீசலை ஏற்றிவிடும். அட்டையை நீட்டிப் பாருங்கள். பட்டால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

பம்ப் நிஜமாகவே வெளியே போகிறதென்றால், போகும் முன் ஹோல்டர் பக்கம் போட்டோ எடுத்துவையுங்கள். திரும்பி வரும்போது பழைய எலிமெண்ட், டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி டீசல் அளவைச் சரிபார்த்த காலிப்ரேஷன் ரிப்போர்ட், பில் மூன்றையும் கேளுங்கள். எனக்கு இந்த மூன்றில் ஒன்றும் தரவில்லை. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி சேர்ந்து உங்களுக்குத்தானுங்ணா நஷ்டம்" என்றார்.

பில் இல்லாவிட்டாலும் பணம் ஜிபேயில் போனது, வாய்ஸ் மெசேஜும் அழியாமல் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசிவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. விஷயம் தெரிந்ததும், "லேபர் போட்டிருக்கோமுல்லீங்ணா" என்று சொல்லிக்கொண்டே பாதிப் பணத்தைத் தர வந்தார் ஒர்க்ஷாப்காரர். வாங்கவில்லை. முழுத் தொகையோடு, அவர்கள் வீணாக்கிய வாஷர் செலவையும் சேர்த்துத்தான் புகாரில் எழுதியிருக்கிறேன்.