கசப்பா, சிகரெட் புகையா: மூச்சுக்குழாய் இழைகள் எதற்கு எப்படி அசைகின்றன?

மூச்சுக்குழாய்ச் செல் ஒன்றில் சுமார் 200 சிலியா, அதாவது குறு இழைகள், நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை அடித்துச் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. இவற்றில் கசப்பு பட்டால்? அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் காட்டியது எனக்கு இன்றும் வியப்பு: நாக்கில் உள்ள அதே வகைக் கசப்பு ஏற்பிகள் இந்த இழைகளிலேயே இருக்கின்றன, கசப்பு பட்டதும் செல்லுக்குள் கால்சியம் ஏறி, மூளையைக் கேட்காமலே இழைகள் வேகமெடுக்கின்றன. (ஆய்வுக்கூடச் செல்களில் பார்த்தது இது, அதற்காக எதையும் மூக்கில் விட்டுப் பார்க்காதீர்கள்.)

சிகரெட் புகை நேர் எதிர். நிக்கோடினும் கசப்புதானே என்று கேட்கலாம், சரி, ஆனால் தொடர்ந்து புகைப்பவர்களுக்கு இழைகள் குட்டையாகின்றன, சளி அதிகம் சுரந்து தேங்குகிறது. அப்புறம் அதை வெளியேற்ற இருமல்தான் மிச்சம்.