எம்.எஸ்சி. நர்சிங் சினாப்சிஸ் எழுதப் போகிறீர்களா? ஐ.சி.எம்.ஆரின் இந்த இலவசப் பாடத்தை முதலில் பாருங்கள்

சினாப்சிஸ், அதாவது செய்யப்போகும் ஆய்வின் திட்டச் சுருக்கம், கொடுக்கச் சொன்னதும் வகுப்பில் பலர் போன இடத்துக்குத்தான் நானும் போனேன், கல்லூரிக்குப் பக்கத்தில் காசுக்கு எழுதித் தரும் ஒரு ப்ராஜெக்ட் சென்டர். அவர்கள் காட்டிய தலைப்புப் பட்டியலில் முக்கால்வாசி எஸ்.டி.பி., அதாவது ஏதாவது ஒரு நோயைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு அறிவு கூடியதா என்று முன்னும் பின்னும் கேள்வித்தாள் கொடுத்துப் பார்ப்பது. நோயும் ஊரும்தான் மாறும். முன்பணம் கட்டினேன். வந்த சினாப்சிஸில் நான் போகவே போகாத ஒரு மாவட்டத்தின் பெயர் மூன்று இடத்தில் அப்படியே இருந்தது, பணமும் திரும்பி வரவில்லை. என் ஆய்வுக்கு வழிகாட்டியான கைடு மேடம் அதைப் படித்துவிட்டு, "இதுல உன் கேள்வி எதும்மா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் சீனியர் அக்கா ஒருவர் சொல்லித்தான் என்.பி.டி.இ.எல். என்ற இலவச இணையவழிப் பாடத் தளத்தில் இருக்கும் 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்' பாடத்தைப் பார்த்தேன். சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் ஐ.சி.எம்.ஆரின், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின், தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்துவது, 8 வாரப் பாடம். பார்ப்பதற்குக் காசு கிடையாது. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். எம்.டி. மாணவர்கள் கட்டாயமாகப் படிக்கும் பி.சி.பி.ஆர். என்ற அடிப்படை ஆராய்ச்சிப் பாடத்தை நடத்துவதும் இதே நிறுவனம்தான்.

எனக்கு அதிகம் உதவியது ஆராய்ச்சிக் கேள்வியை உருவாக்குவது பற்றிய தொடக்கப் பாடங்கள்தான். நான் பி.எஸ்சி. முடித்து டயாலிசிஸ் யூனிட்டில் வேலை பார்த்தவள். வாரம் 2 முறை வரும் ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் ஃபிஸ்டுலாவில், அதாவது டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடத்தில், 2 ஊசி, அதுவும் 16 கேஜ் தடிமன், வருடத்துக்கு 200-க்கு மேல் குத்து. ஊசியைக் கையில் எடுத்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆட்களைத் தினமும் பார்த்திருக்கிறேன், ஆனால் அது ஒரு ஆராய்ச்சித் தலைப்பாக முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. குத்துவதற்கு முன் ஐஸ் வைத்தால் வலி குறையுமா என்று தேடத் தொடங்கினேன், 2008-லேயே இந்தியன் ஜர்னல் ஆஃப் நெஃப்ராலஜியில் அந்த ஆய்வு வந்திருந்தது. அதனால் என் கேள்வி, ஐஸா, மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஸ்ப்ரேயா, எது மேல் என்று மாறியது. லிட்டரேச்சர் ரிவ்யூ, அதாவது ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தேடிப் படிப்பது, பக்கத்தை நிரப்புவதற்கு இல்லை, கேள்வியைக் கூர்மையாக்குவதற்கு என்பது எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடும் சாம்பிள் சைஸ் பாடத்தைத் தயவுசெய்து இரண்டு தடவை பாருங்கள். நம் கல்லூரிகளில் யாரைக் கேட்டாலும் 60 என்பார்கள், 30 பேர் இந்தப் பக்கம், 30 பேர் அந்தப் பக்கம். ஏன் 60 என்று கேட்டால் எல்லோரும் அதுதான் எடுக்கிறார்கள் என்பார்கள். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்துக்கு மதிப்பிடும் வலி அளவுகோலில் ஸ்டாண்டர்டு டீவியேஷன் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 2, பவர் (வித்தியாசம் உண்மையில் இருந்தால் அது ஆய்வில் தெரியும் வாய்ப்பு) 80 சதவீதம், இரண்டு குழுவுக்கும் நடுவில் 1.5 புள்ளி வித்தியாசம் எதிர்பார்த்தால் குழுவுக்கு 28 பேர் போதும். 1 புள்ளிதான் வித்தியாசம் என்றால் 63 பேர் வேண்டும். ஐஸும் ஸ்ப்ரேயும் இரண்டுமே வலியைக் குறைக்கக்கூடியவை என்பதால் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்காது, ஆக எனக்கு இரண்டு குழுவுக்கும் சேர்த்து 126 பேர். எங்கள் யூனிட்டில் அத்தனை நோயாளிகள் இல்லை. கடைசியில் ஒரே ஆளுக்கு வெவ்வேறு நாளில் இரண்டையும் கொடுத்துப் பார்க்கும் க்ராஸ்ஓவர் முறைக்கு மாறினோம், கைடு மேடமும் ஸ்டாட்டிஸ்டிஷியனும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்தது. டேட்டா எடுக்க ஆரம்பித்த பிறகு இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இப்போதும் பயமாக இருக்கிறது.

குறை என்றால், இது நர்சிங்குக்கென்று செய்த பாடம் இல்லை. நம் சினாப்சிஸில் கேட்கும் கான்செப்சுவல் ஃப்ரேம்வொர்க் (ஆய்வுக்கு அடிப்படையாக வைக்கும் கோட்பாட்டுச் சட்டகம்), ஓரெம், ராய், இமோஜின் கிங் போன்றவர்களின் நர்சிங் கோட்பாடுகள் எல்லாம் இதில் கிடையாது. ஆபரேஷனல் டெஃபனிஷன் (ஒரு சொல்லுக்கு இந்த ஆய்வில் என்ன பொருள் என்பது), டீலிமிட்டேஷன் (ஆய்வுக்கு நாம் வைக்கும் எல்லை) போன்றவற்றை உங்கள் பல்கலைக்கழக ஃபார்மட்டை வைத்துத்தான் எழுத வேண்டும். முழுக்க ஆங்கிலம். புள்ளியியல் பகுதி வேகமாகப் போவதாக எனக்குப் பட்டது, நிறுத்தி நிறுத்தி நோட்டில் போட்டுப் பார்த்தேன்.

எத்திக்ஸ் பாடத்தைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். எங்களைப்போல் நோயாளிக்கு ஏதாவது கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கி, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்துவிட வேண்டும். 2018 ஏப்ரலில் இருந்து ஆய்வைத் தொடங்கிவிட்டுப் பிறகு பதிவு செய்ய அங்கே வழியில்லை. பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை, ஆனால் அவர்கள் கேட்கும் திருத்தங்களுக்குப் பதில் சொல்ல நாள் பிடிக்கும், அதையும் உங்கள் டைம்லைனில் சேர்த்துப் போடுங்கள்.

நேரம் குறைவாக இருக்கிறவர்கள், ஆய்வு யோசனையைச் சுருக்கமாக எழுதும் கான்செப்ட் பேப்பர் பற்றிய பாடத்தில் தொடங்கலாம். நான் அதைப் பார்த்துவிட்டு இரண்டு பக்கம் எழுதி மேடமிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "சரி, இப்ப கேள்வி இருக்கு, எழுது" என்றார்.