சூயிங்கமா, பேட்ச்சா, மாத்திரையா? மலையில் புகைப்பழக்கத்தைக் கைவிட எது கைகொடுக்கும்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ புகையை விட நினைப்பவர் முதலில் எடுத்துப் பார்ப்பது 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கத்தைத்தான். மருத்துவர் சீட்டு வேண்டாம், கடையிலேயே வாங்கலாம். ஆனால் நாலு நாள் மென்றுவிட்டு ‘இது நமக்குச் சரிப்படவில்லை’ என்று பீடிக்கே திரும்புகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் மருந்து அவர்களைக் கைவிடவில்லை. அதை மெல்லும் முறையை யாரும் சொல்லித்தரவில்லை.

காரம் தெரியும் வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படியே அரைமணி நேரம். நிகோடின் வாயின் உட்சவ்வு வழியாகத்தான் இரத்தத்தில் சேர்கிறது. சாற்றை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். மெல்வதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரைத் தவிர எதையும் குடிக்கக் கூடாது. குளிருக்குத் தேநீரும் காபியுமாகக் குடித்துக்கொண்டே இருக்கும் ஊரில் இந்த ஒரு விதிதான் முதலில் மீறப்படுகிறது.

தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பேட்ச்சுக்கு இந்தத் தொல்லை இல்லை. காலையில் முடியில்லாத உலர்ந்த தோலில் ஒட்டினால் நாள் முழுக்க நிகோடின் சீராக இறங்கும். தினமும் இடம் மாற்றி ஒட்ட வேண்டும்; கெட்ட கனவுகள் வந்தால் இரவில் எடுத்துவிடலாம். நாளுக்குப் பத்து சிகரெட்டுக்கு மேல் பிடித்தவர்கள் வழக்கமாக 21 மில்லிகிராமில் தொடங்கி, 14, 7 என்று இறங்குவார்கள். ஆனால் பக்கத்தில் ஒருவர் பற்றவைத்ததும் கிளம்பும் திடீர் வேட்கையை பேட்ச்சால் மட்டும் அடக்க முடியாது. அதனால் பேட்ச்சை ஒட்டிக்கொண்டு, வேட்கை வரும்போது சூயிங்கம் மெல்வதே சிறந்தது. இரண்டும் சேர்ந்தால் தனித்தனியே பயன்படுத்துவதைவிட அதிகப் பலன் என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. எழுந்த அரைமணிக்குள் முதல் பீடியைத் தேடுகிறவருக்கு 4 மில்லிகிராம் சூயிங்கம் தேவைப்படும். அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும்.

மாத்திரைகளில் வலுவானது வாரெனிக்லின். மூளையில் நிகோடின் போய் உட்காரும் இடத்தைத் தானே பிடித்துக்கொள்வதால் வேட்கை தணியும், புகைத்தாலும் பழைய சுகம் கிடைக்காது. விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, மொத்தம் 12 வாரம் சாப்பிட வேண்டும். குமட்டல் பலருக்கு வரும். சாப்பாட்டுக்குப் பின் நிறையத் தண்ணீருடன் விழுங்கினால் குறையும். மனநிலையைக் கெடுக்குமோ என்ற பழைய அச்சத்தை, 2016இல் வெளியான, எட்டாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வு பெருமளவு போக்கிவிட்டது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

புப்ரோபியான் மனச்சோர்வுக்கு வந்த மருந்து. வலிப்பு நோய் உள்ளவர்களும், தினமும் குடித்துவிட்டு அதைத் திடீரென நிறுத்துகிறவர்களும் அதைத் தொடவே கூடாது. மதுவும் புகையும் கைகோத்துத் திரியும் இடங்களில் இது என் முதல் தேர்வு அல்ல. மின்சிகரெட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்; 2019 முதல் இந்தியாவில் அதன் விற்பனைக்குத் தடை இருக்கிறது.

என் முடிவு இதுதான். மருத்துவரைப் பார்க்க பஸ் ஏறி அரைநாள் கூலியை இழக்க வேண்டியவர், பேட்ச்சும் சூயிங்கமும் சேர்த்துத் தொடங்கட்டும். அதில் தோற்றவரும், மருத்துவரைத் தொடர்ந்து பார்க்க முடிந்தவரும் வாரெனிக்லினைக் கேட்கட்டும். மலையில் புகைப்பதைக் கைவிட இன்னொரு காரணமும் உண்டு. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அதிலும் ஒரு பகுதியைப் புகையின் கார்பன் மோனாக்சைடு தட்டிப் பறிக்கிறது. விட்ட ஓரிரு நாளிலேயே அந்த நச்சு இரத்தத்திலிருந்து இறங்கிவிடும்.

எந்த வழியில் போனாலும் காபியைப் பாதியாகக் குறையுங்கள், தேநீரையும் கொஞ்சம் குறையுங்கள். புகை நின்றதும் உடல் காஃபினை மெதுவாகவே வெளியேற்றும். அதனால் வரும் படபடப்பையும் தூக்கமின்மையையும் புகைக்கான ஏக்கம் என்று பலர் தவறாக நினைத்துவிடுகிறார்கள். பேசித் துணை தேட 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.