தொடர் சித்திரக்கதையில் காதல் கிளைக்கதை: சேர்க்கலாமா, விட்டுவிடலாமா?

மாதம் ஒரு இதழ், இதழுக்கு 8 பக்கம், பக்கத்துக்குச் சராசரி 5 படக் கட்டம். ஆக 40 கட்டம். சிங்கப்பூரில் வேலைக்கும் போய்க்கொண்டு தமிழில் தொடர் வரைபவர் இதைத் தாண்டுவது சிரமம். காதல் வேண்டுமா என்ற கேள்வியை இந்த 40ஐ வைத்துத்தான் பார்க்கவேண்டும். என் தொடரில் காதலை விட்டுவிட்டேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

காதலால் வரும் லாபம் எல்லாருக்கும் தெரிந்தது. வாசகர் பாத்திரங்களோடு ஒட்டிக்கொள்வார், நாயகனுக்கு இழக்க ஒன்று இருக்கும். 1973இல் ஸ்பைடர்மேனின் காதலி குவென் ஸ்டேசி செத்துப்போன கதையை இன்றும் பேசுகிறார்கள்.

சிக்கல் பராமரிப்பில் இருக்கிறது. சந்திப்பு, ஒரு பேச்சு, அதைக் கேட்ட முகம் என்று சுருக்கினாலும் ஒரு காதல் காட்சி 6 கட்டம் தின்னும். இதழுக்கு ஒரு காட்சி என்றால் 12 இதழில் 72 கட்டம், ஏறக்குறைய இரண்டு இதழ். மூன்று இதழ் தொடாமல் விட்டால் காதலி ஏன் கோபித்தாள் என்பதே வாசகருக்கு மறந்துவிடும். நினைவூட்ட இன்னும் இரண்டு கட்டம். காதலை நகர்த்தினாலோ இருவரும் சேர்ந்துவிடுவார்கள், இழுபறி தீர்ந்தது. பிறகு எடுக்காத போன், தப்பாகப் புரிந்த பேச்சு என்று செயற்கையாக ஊடல் மூட்டவேண்டும். இரண்டாவது ஊடலிலேயே வாசகருக்குச் சலித்துவிடும்.

பெரிய தொடர்களுக்கும் இதே பாடுதான். முகமூடி நாயகன் ஃபேண்டத்தின் கதை தொடங்கிய 1936லேயே காதலி டயானா வந்துவிட்டாள், கல்யாணம் 1977இல். ஸ்பைடர்மேனுக்கும் மேரி ஜேனுக்கும் 1987இல் மணம் முடித்த பதிப்பகமே, 2007இல் அந்தத் திருமணம் நடக்காததுபோல் கதையைத் திருப்பியது.

சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குள் ஒரு பைக்காகத் துரத்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் பக்கம், மூன்றாம் கட்டம். நாயகன் மீன்கடை வரிசையில் ஓடும்போது காதலியின் போன் வருகிறது. எடுக்க ஒரு கட்டம், பதிலுக்கு ஒன்று. அந்த இடத்தில் வரவேண்டியவை ஈரத்தரையில் கால் வழுக்குவதும், பை இன்னொருவன் கைக்கு மாறுவதும். கைமாறிய கட்டம் விடுபட்டுப்போனால் அடுத்த இதழில் யாராவது அதை வாயால் சொல்லவேண்டியிருக்கும். படத்தில் காட்டவேண்டியதை வசனத்தில் சொன்னால் துரத்தலே வீண்.

நட்புக்கு இந்தச் செலவு கிடையாது. 1948இல் இத்தாலியில் தொடங்கிய கௌபாய் தொடரின் நாயகன் டெக்ஸ் வில்லரை நம் வாசகர்கள் லயன் காமிக்ஸில் நன்கு அறிவார்கள். மனைவி லிலித் இறந்துபோனவள். தொடரைத் தாங்குவது நண்பன் கார்சனின் புலம்பலும் மகன் கிட்டின் துணையும்தான். குதிரை பாயும் கட்டத்திலேயே ஒரு பேச்சுக்குமிழில் கார்சன் புலம்பிவிடலாம். காதலோ தனக்கென்று கட்டம் கேட்கும். ஓடிக்கொண்டே சொன்னால் அது ஒட்டாது.

போனில் கீழ்நோக்கித் தள்ளிப் படிக்கும் தொடர்களுக்குப் பக்க எல்லை இல்லை. அங்கே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். காதலே முதன்மைக் கதையாக இருந்தால் அது வேறு விஷயம்.

காதல் வைத்தே தீருவேன் என்பவர் முதலில் காதலிக்குக் கதையில் ஒரு வேலை கொடுக்கவேண்டும். 1938இல் சூப்பர்மேன் அறிமுகமான முதல் கதையிலேயே லோயிஸ் லேன் நிருபர். அவள் செய்தி தேடிப் போவதே கதையை நகர்த்தும், தனிக் கட்டம் தேவையில்லை. தேக்கா கதையில் பை கைமாறியதைக் கண்ட மீன்கடைக்காரியே அவளாக இருக்கட்டும். எழுதி முடித்ததும் மூன்று இதழ்களில் அவளுடைய காதல் வசனங்களை மட்டும் அடித்துவிட்டுப் படியுங்கள். அப்போதும் அவளில்லாமல் துப்புத் துலங்காது என்றால் வைத்துக்கொள்ளலாம். துலங்கினால், வரையத் தொடங்குமுன்பே அவளை எடுத்துவிடுங்கள். ஐந்தாம் இதழில் எடுத்தால் எங்கே போனாள் என்று விளக்கவும் கட்டம் வேண்டும்.